புங்கமரத்தச் சுத்திட்டுப் போற வழி

பெயிண்ட் டப்பாவ அங்க வைக்காத பாப்பா, கோழி தட்டிவுட்டுடும். செவுத்தோரமா வையி. சைக்கிள மரத்துல சாத்திக்கோ, ஒண்ணும் ஆவாது. நாயி கொலைக்கும், கடிக்காது. அதுக்குப் பல்லே இல்ல. உக்காரு. மோர் தர்றேன். உப்பு போடட்டுமா, அப்படியே குடிப்பியா?

எதுக்கு வந்திருக்கன்னு எனக்குத் தெரியும். எங்க மருமவ ஹேமாவதி நேத்தே போன் பண்ணிட்டா. ஓசூர்லேர்ந்து ஒரு பொண்ணு வரும் அத்த, ரயில்மேடு நெடுக கல்லு கல்லா வழி காட்டற அம்பு போட்டுக்கிட்டு வருது, சைக்கிள்காரங்க இனிமே அம்பப் பாத்து நேரா போயிடுவாங்க, உங்க வாசலுக்குள்ள பூந்து வர மாட்டாங்க, அப்படின்னா. நேரா போட்டுடவான்னு என்ன ஒரு வார்த்த கேக்கத்தான வந்திருக்க? கேட்டுட்ட. சொல்றேன். மொதல்ல மோரக் குடி. வெயில்ல மூஞ்சி செவந்து போயிருக்குது.

இந்த ரயில்மேட்டுல ரயில நான் பாத்ததில்ல. எங்க மாமியா பாத்திருக்கா. கரிவண்டி. அது ஊதுற சத்தத்துல எரும பால அடக்கிக்குமாம். அப்பறம் வெள்ளக்காரன் சண்டைக்கு இரும்பு வேணும்னு தண்டவாளத்தப் பேத்துக்கிட்டுப் போயிட்டான். போயி எத்தனையோ வருசம் ஆனப்பறமும் எரும பால் கொறஞ்சா அவ ரயிலத்தான் திட்டுவா. ஒருநாளு நான் சொன்னேன், ரயிலுதான் இல்லையே அத்தன்னு. இருந்துச்சில்ல, அப்படின்னா. அவளோட பேசி ஜெயிக்க முடியாது. அந்த ஊட்டுக்குத்தான் நான் மருமவளா வந்தேன், நெனச்சிக்கோ.

ரயிலு போனப்பறம் மேடு சும்மா கெடந்துச்சி. முள்ளு மண்டிப்போச்சி. எங்க ஊட்டுக்காரரு அது மேலதான் சைக்கிள் மிதிச்சாரு. ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்கும். கீழ ரோட்டுல போனா ஏத்தம் எறக்கம், ஏத்தம் எறக்கம். இந்தப் பக்கம் பூமியே அப்படித்தான், நீயே மிதிச்சி வந்திருக்கியே. மேட்டு மேல போனா சமமா போவும். ரயிலுக்குப் போட்டது இல்லையா. மழையில வழுக்கும். ஒருவாட்டி கல்லுபாலத்துகிட்ட வுழுந்து, பால் பூரா ஓடையில போயி, பால் சொசைட்டிக்காரன் கேட்டதுக்கு இவரு, மீனுங்களுக்கு ஊத்திட்டு வந்தேன்னாராம். பேச்சுக்கு மட்டும் கொறச்சல் கெடையாது. காலு ரெண்டும் நரம்பு சுருட்டிக்கிட்டு, கயிறு கயிறா நிக்கும். நான்தான் எண்ண தேச்சி உடுவேன். தேய்க்கும்போதெல்லாம் ஒண்ணுதான் சொல்லுவேன். நம்ம பையன் மாதேசன் சைக்கிள்ல ஏறக்கூடாது. இந்தக் குடும்பம் சைக்கிள வுட்டு இறங்கணும். அதுக்குத்தான் அவனப் படிக்க வெச்சது. ஒரே புள்ள.

படிச்சான். ஓசூர்ல கம்பெனியில ஆபீசர் ஆனான். ஹேமாவதி நல்ல பொண்ணு, கொற சொல்லக் கூடாது, ரசத்துல மட்டும் வெல்லம் போடுவா. காரு வாங்கி மொதமொதல்ல இங்க வந்து நிறுத்தினான் பாரு, இதே புங்கமரத்தடியில, ஊரே வந்து பாத்துச்சி. பக்கத்தூட்டு தாயம்மா இருக்காளே, அவ கோழி காருக்கு அடியில போயி முட்ட போட்டுச்சி. அந்த முட்டைக்கு அவளும் நானும் ஒரு வாரம் பேசல. அவ கோழிதான், ஆனா எங்க காரு. கடசியில முட்டைய நாயி தின்னுட்டுது. அந்தக் கார்லதான் கோயிலுக்குப் போனேன். வழி பூரா வாந்தி. இருந்தாலும் கார்ல போயி இறங்கினேன்.

அப்பறம் அவனுக்கு சக்கர வந்துச்சி. சக்கர, கொழுப்பு, இன்னும் என்னவோ. டாக்டரு ஒடம்ப அசைக்கச் சொல்லிட்டாராம். நட, இல்லன்னா சைக்கிள் ஓட்டுன்னாராம். எவன் சொன்னான்னு பாரு, டாக்டரு. இவனும் சைக்கிள வாங்கிட்டான். மட்காடு கெடையாது, கேரியர் கெடையாது. ஒரு சொம்பு பால் கொண்டு போவ முடியாது அதுல.

எனக்கு இது ஒண்ணும் தெரியாது. எங்க ஊட்டுக்காரருக்கு வருசத் தெவசம் வந்துச்சி. என் பொறந்த ஊட்டு சனம் பூரா வந்திருக்குது. எங்க அண்ணன் பொண்டாட்டி அவ சம்பந்தியம்மாவக் கூட்டியாந்து முன்னால உக்கார வெச்சிருக்கறா. எல்லாரும் ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கறோம், காரு வரும்னு. ஹேமாவதியும் புள்ளைங்களும் கார்ல வந்து இறங்கறாங்க. அவன் எங்கன்னு கேக்கறேன். வர்றாரு அத்தன்னு சொல்லி வாய மூடறதுக்குள்ள, ரயில்மேட்டுலேர்ந்து சர்ருனு இறங்கறான். தொடையோட ஒட்டிக்கிட்டு ஒரு நிக்கரு. தலையில அரிஞ்ச பூசணிக்கா மாதிரி ஒரு தொப்பி. வேர்த்து ஊத்துது. அப்படியே அவங்கப்பன் பால் ஊத்திட்டு வந்து நிக்கற மாதிரி நிக்கறான்.

எங்க அண்ணன் பொண்டாட்டி எங்கிட்ட குனிஞ்சி, ஏன் சாலம்மா, ஒம்புள்ளைக்கு வேல போயிடுச்சான்னு கேட்டா. மெதுவாத்தான் கேட்டா. சம்பந்தியம்மாவுக்குக் கேக்கற மாதிரி மெதுவா.

அவனத் தனியா தொட்டியண்ட கூப்புட்டு ஒரே ஒரு வார்த்ததான் சொன்னேன். "இன்னொருவாட்டி சைக்கிள்ல வர்றதா இருந்தா இந்த வாசப்படிய மெறிக்காத."

அவன் தொட்டிகிட்ட குனிஞ்சான். தண்ணிய மொண்டு மூஞ்சியக் கழுவினான். "சரிம்மா"ன்னான். அப்பறம் வேட்டி கட்டிக்கிட்டு காரியமெல்லாம் ஒழுங்கா செஞ்சான். சாப்பிட்டான். வடை நல்லா இருக்குதுன்னான். போயிட்டான்.

சண்டையெல்லாம் கெடையாது பாப்பா. ஊருல சண்டன்னு பேசிக்கிட்டாங்க. சண்டன்னா சத்தம் போடணும் இல்ல?

பதினைஞ்சி நாளு கழிச்சி ஒரு ஞாயித்துக்கெழம, வெளிய மணிச்சத்தம் கேட்டுச்சி. ஒரு வாட்டி. நான் உள்ள ராகி பொடச்சிக்கிட்டு இருந்தேன். கதவு சந்துல பாத்தா மாதேசன். மேட்டுலேர்ந்து இறங்கி வந்து, இந்தப் புங்கமரத்த ஒரு சுத்து சுத்தினான். கால கீழ ஊனல. சுத்திட்டு மேட்டுல ஏறிப் போயிட்டான். நான் பொடச்சிக்கிட்டே இருந்தேன்.

அதுலேர்ந்து மாசத்துல ரெண்டு வாட்டி வருவான். மணி அடிப்பான், மரத்தச் சுத்துவான், போயிடுவான். தாயம்மா பாத்துட்டு வந்து, ஏக்கா, பையன் சாமிய சுத்தற மாதிரி சுத்திட்டுப் போறான், உள்ள கூப்புடேன்னா. அவனுக்குக் காலு இல்லையான்னு கேட்டேன். நீயே சொல்லு, வந்தவன் இறங்கணுமா, உள்ள இருக்கறவ எழுந்து ஓடணுமா? படிய மெறிக்காதன்னு சொன்னது சைக்கிள்ல வந்தாத்தான். பஸ்ஸுல வந்தா மெறிக்கலாமே. கார்ல வந்தா மெறிக்கலாமே. ஓசூர்லேர்ந்து பஸ்ஸா இல்ல? நான் பஸ்ஸப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. ஹேமாவதியும் புள்ளைங்களும் கார்ல வருவாங்க, போவாங்க, அவங்கள நான் எதுவும் சொன்னதில்ல. அவன் மட்டும் சைக்கிளு. அப்பனாட்டம் அழுத்தக்காரன். அப்பன் ஒருவாட்டி எங்க அண்ணனோட பேச மாட்டேன்னுட்டு, அண்ணன் ஊட்டுத் திண்ணையிலயே உக்காந்து சாப்பிட்டுட்டு, பேசாமலே வந்தாரு. எனக்கு அந்தப் புடிவாதமெல்லாம் தெரியாது.

ஞாயித்துக்கெழமன்னா களி ஒரு உருண்ட சேத்தே கிண்டுவேன். மிஞ்சினா மாட்டுக்கு ஆவும்னு. மாட்டுக்குத்தான் ஆச்சி.

ஒரு மழக்காலம் இப்படிப் போச்சி. மாங்கா சீசன் வந்துச்சி, அப்பவும் வந்தான். மேட்டுல ரெண்டு பக்கமும் தோப்பு, கமகமன்னு இருக்கும். லோடு ஏத்தற பசங்க அவனுக்கு மாங்கா தூக்கிப் போடுவாங்களாம், அவன் ஒத்தக் கையில புடிப்பானாம். தாயம்மா சொன்னா. சக்கரக்காரன் மாங்கா திங்கலாமான்னு எனக்கு மனசுக்குள்ள. கேக்கல.

அந்த நேரத்துலதான் அவன் இந்த வழிய போன்ல கோடா போட்டு வெச்சிருக்கறான். ஓசூர்ல மேடு ஏறினா, கல்லுபாலம் தாண்டி, தோப்பு தாண்டி, இந்த ஊரு தாண்டி, ஏரி வரைக்கும். சைக்கிள்காரங்க எல்லாரும் பாக்கற மாதிரி போட்டானாம். நல்ல வழி, லாரி கெடையாது, நெழலு உண்டு, அப்படின்னு எழுதியிருக்கறானாம். அவன் எப்படி எப்படி போனானோ அப்படியே கோடு வுழுமாம். உனக்குத் தெரியாததா, நான் உனக்குச் சொல்றேன் பாரு.

ஒரு திங்கக்கெழம காலையில போன் வந்துச்சி. ஹேமாவதியோட அண்ணன் பேசினாரு. படுத்தவன் எழுந்திரிக்கலையாம். தூக்கத்துலயே. முந்தின நாளு இங்க வந்து சுத்திட்டுத்தான் போயிருந்தான்.

போன் வந்தப்ப களி கிண்டிக்கிட்டு இருந்தேன். துடுப்ப வுட்டா கட்டி தட்டிடும். போனக் கீழ வெச்சிட்டுக் கிண்டி முடிச்சேன். எறக்கி, கைய நனைச்சி, உருண்ட புடிச்சி வெச்சேன். அப்பறம்தான் தாயம்மாவக் கூப்புட்டுச் சொன்னேன். அதுக்கு ஊரு என்னென்னவோ பேசிச்சி. புள்ள செத்த சேதி கேட்டு களி உருட்டினாளேன்னு. கட்டி தட்டின களிய யாரு திம்பாங்க? வந்த பொம்பளைங்க கட்டிப் புடிச்சி அழுதாங்க. எனக்கு வரல. எங்க அண்ணன் பொண்டாட்டி என் தோளப் புடிச்சி உலுக்கறா, அழுதுடு சாலம்மா, அடக்காதன்னு. அடக்கினாத்தான வுடறதுக்கு. பசிச்சிச்சி. அதான் நெசம். அவ சேலையில ஒரே நாப்தலின் உருண்ட வாசன, அதுதான் இன்னிக்கும் ஞாபகம் இருக்குது.

சைக்கிள்ல போவும்போது லாரி அடிச்சிதுன்னு சொல்லியிருந்தா, அன்னைக்கே சொன்னேன் பாருன்னு நான் சொல்லலாம். அதுவும் இல்ல. மெத்தையில படுத்திருந்தான். டாக்டர்கிட்ட ஹேமாவதி கேட்டாளாம், சைக்கிளாலயான்னு. சைக்கிளாலதான் இத்தன நாளு இருந்தாருன்னாராம். அவனுங்க அப்படித்தான் சொல்லுவானுங்க.

சாயந்தரம் வேன்ல கொண்டாந்தாங்க. இங்க ஒரு வழக்கம் உண்டு பாப்பா, உங்க பக்கம் எப்படியோ தெரியாது. வெளியூர்ல உசுரு போன ஒடம்ப ஊட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது. வாசப்படி தாண்டக் கூடாது. பெரியவங்க நாலு பேரு எங்கிட்ட வந்து சொன்னாங்க. வழக்கம்னா வழக்கம்தான். புங்கமரத்தடியில பெஞ்சி போட்டு அதுல கெடத்துனாங்க. எண்ண வெச்சது, குளுப்பாட்டுனது, எல்லாம் அங்கதான். நான் படியில உக்காந்திருந்தேன். அவன் காலு ரெண்டும் எனக்கு நேரா இருந்துச்சி. கயிறு கயிறா.

அப்பவும் படிய மெறிக்கல பாரு. நான் சொன்னத மீறாத புள்ள.

மோர் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா? வேணாமா? சரி.

கருமாதிக்கு முன்னாடியே ஒரு ஞாயித்துக்கெழம வந்துச்சி. ஊட்டுல பொம்பளைங்க நெறைய இருந்தாங்க. வெளிய மணிச்சத்தம். எல்லாரும் அப்படியே வெறச்சிப் போயிட்டாங்க. தாயம்மா வெளிய ஓடினா. நான் எழுந்திரிக்கல, எழுந்து பழக்கம் இல்ல. கதவு சந்துல பாத்தேன். செவப்பு சட்ட போட்ட எவனோ ஒருத்தன். மரத்தச் சுத்தறான். தாயம்மா கேட்டதுக்கு, போன்ல அப்படித்தான் கோடு போவுதுன்னு சொல்லிட்டு மேட்டுல ஏறிப் போயிட்டானாம். அவ உள்ள வந்து ஒரே மூச்சுல ஒரு சொம்பு தண்ணி குடிச்சா.

அப்பறம் ரெண்டு பேரு. அப்பறம் நாலு பேரு. இப்ப ஞாயித்துக்கெழமன்னா கூட்டம் கூட்டமா வர்றானுங்க. பொம்பளப் புள்ளைங்களும் வருதுங்க. ரயில்மேடு நேரா கண்ணுக்கு எதுத்தாப்ல போவுது. எவனும் நேரா போறதில்ல. கண்ணு ரோட்டுல கெடையாது, கைப்புடியில மாட்டியிருக்கற போன்லதான். இறங்கறான், மரத்தச் சுத்தறான், ஏறறான். எதுக்கு சுத்தறோம்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஒருத்தன் வைக்கப்போரப் போட்டோ புடிச்சான். பாக்க வேண்டிய எடம் போலன்னு நெனச்சிக்கிட்டான். இன்னொருத்தன் மரத்துக்குக் கையெடுத்துக் கும்புட்டான். தாயம்மா மேட்டுல நுங்குக் கட போட்டுட்டா. அவளுக்கு நல்ல ஏவாரம். முட்டையில வுட்டத நுங்குல புடிச்சிட்டா.

மாங்கா சீசன் முடியும்போது குண்டா ஒருத்தரு எறக்கத்துல பிரேக்கு புடிக்காம நேரா குப்பக்குழியில போயி வுழுந்தாரு. அப்பதான் நான் வெளிய போனேன். தூக்கி வுட்டு, தொட்டியில கழுவி, முட்டிக்கு மஞ்ச வெச்சேன். வங்கியில மேனேஜராம். சாணி பூசிக்கிட்டு சிரிக்கறாரு. பாட்டி, இங்க எதுக்குத் திரும்பணும்னு கேட்டாரு. எனக்கென்ன தெரியும், உங்க போனக் கேளுங்கன்னேன்.

மறுநாளு ஹேமாவதி போன் பண்ணினப்ப எரிச்சல்ல சொன்னேன். இந்த சைக்கிள்காரங்க தொல்ல தாங்கல, மாடு மெரளுது, கோழி செதறுது, உன் புருசன் பண்ணிட்டுப் போன வேல, இத நிறுத்தச் சொல்லுடின்னு. அவ எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா. அப்பறம், சரிங்கத்தன்னா. நான் ஏதோ வாய் வார்த்தையா சொன்னது. பாரு, நீ பெயிண்டோட வந்து நிக்கற. எங்க ஊட்டுல அப்படித்தான், நான் ஒண்ணு சொன்னா ஒடனே செஞ்சிடுவாங்க. எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டாங்க. அப்படி வளத்து வெச்சிருக்கறேன்.

அவன் சைக்கிள ஹேமாவதி உங்க சைக்கிள்காரங்க கூட்டத்துக்கே குடுத்துட்டாளாமே? யாரு ஓட்டறாங்க? நீயா? இதுவா அது? நான் கவனிக்கல. எல்லாம் ஒரே மாதிரிதான இருக்குது. சரி வுடு. நல்லா தொடச்சி வெச்சிருக்க.

நேத்து போன்ல அவ ஒண்ணு சொன்னா. போன வெக்கும்போது சொன்னா. "உங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போற அன்னைக்குத்தான் அவரு நல்லா தூங்குவாரு அத்த." தூக்கத்துலதானே செத்தான். சரிடி, ரசத்துல வெல்லத்தக் கொறன்னு சொல்லிட்டு வெச்சிட்டேன்.

என்ன பாப்பா, பெயிண்டு காஞ்சிடுமா? சொல்றேன் இரு. அவசரப்பட்டா எப்படி?

நேரா அம்பு போட்டா எல்லாரும் நேராவே போயிடுவாங்களா? ஒருத்தரும் திரும்ப மாட்டாங்களா? போன்லயும் அந்தச் சுத்த அழிச்சிடுவீங்களா? அழிச்சா திரும்ப வருமா, வராதா? வராதா.

அவன் போட்ட கோட்ட எடுக்கறதுக்கு நான் யாரு? நான் எடுக்கச் சொல்லல. தொல்லன்னுதான் சொன்னேன். தொல்லன்னா தொல்லதான், எடுன்னு அர்த்தமா?

இங்க பாரு. மேட்டுலேர்ந்து இறங்கற எடத்துல ரயில்காரன் நட்ட கல்லு ஒண்ணு இருக்குது. அதுல அம்ப இந்தப் பக்கம் திருப்பிப் போடு. ஊட்டப் பாத்த மாதிரி. போட்டுட்டு, அதுக்குக் கீழ எழுது. என்ன எழுதணும்னா, இங்க வந்தா சைக்கிள வுட்டு இறங்கணும்னு எழுது. சுத்திட்டுப் போறதெல்லாம் வேணாம். இறங்கணும். மாடு மெரளுதே, அதுக்குத்தான். கன்னுக்குட்டி வேற இருக்குது. வேற ஒண்ணுமில்ல. இறங்கி, நடந்து வந்து, படியில ஏறி உக்காரட்டும். சைக்கிள்ல வந்தாலும் பரவால்ல, படிய மெறிக்கலாம்னு எழுதிடு. அதையும் எழுதணுமா? எழுது. எழுதலன்னா எவனுக்குத் தெரியும்? மோர் இருக்கும். ஞாயித்துக்கெழமன்னா களியும் இருக்கும்.

இங்கிலீசுலயும் எழுது. பெங்களூர்க்காரங்களுக்குக் கன்னடத்துலயும்.

பெரிசா எழுது பாப்பா. சின்னதா எழுதினா படிச்சி முடிக்கறதுக்குள்ள போயிடறாங்க.